பட்டின் பின்பக்கம்

அரசர் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் தலை போகும். பார்க்காமல் வரைந்தாலும் தலை போகும். இந்த இரண்டு கத்திக்கும் நடுவே முப்பது வருடம் கழுத்தை நீட்டிக்கொண்டு பிழைத்தவன் நான். மா தோக்சு என்று என் பெயர். கொரியத் தலைநகர் ஹான்யாங்கின் அரண்மனை ஓவியர் கூடத்தில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு முன்னால் குனிவார்கள், பின்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் கூடத்தில் ஒரே ஒரு சட்டம்தான். ஒரு மயிர் தப்பினாலும் அது வேறு ஆள். அரசர் இறந்த பிறகு அவர் படம் படமண்டபத்துக்குப் போகும். அங்கே அதற்குத்தான் ஊதுவத்தி, அதற்குத்தான் சோறு, அதற்குத்தான் மது. மயிர் ஒன்று தப்பிவிட்டால் எவனோ ஒருவன் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவான், நம் அரசர் வாசலில் பசியோடு நிற்பார். அதனால் அம்மைத் தழும்பு இருந்தால் தழும்பைப் போடுவோம், மரு இருந்தால் மருவைப் போடுவோம், மருவில் முடி இருந்தால் அதையும் எண்ணிப் போடுவோம்.

தொழில் ரகசியம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே கதை புரியாது. முகத்தின் நிறத்தை நாங்கள் பட்டின் முன்பக்கம் பூசுவதில்லை. பட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் பூசுவோம். அது இழைகளின் வழியே மெல்ல முன்னால் தெரியும்போது தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதுபோல இருக்கும். முன்பக்கத்தில் கோடும் நிழலும் கண்ணின் நிறமும் மட்டும்தான். முன்னால் பூசியது தப்பாகிவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். பின்னால் பூசியதைத் துடைக்கப் போனால் முகமே போய்விடும்.

எனக்கு இருபத்தாறு வயதில், இப்போதைய அரசரின் தந்தையைப் படம் எழுத உத்தரவு வந்தது. முகம் எழுத என் சிநேகிதன் சோக் யூனைத் தேர்ந்தெடுத்தார்கள், உடை எழுத என்னை. யூன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். ஒரே பானையில் கள் குடித்தவர்கள் நாங்கள். அவன் கையில் இருந்தது என் கையில் இல்லை. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும், அவன் அதைச் சொல்லிக் காட்டியதே இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

மூன்று நாள் அரசர் எதிரில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது யூன் என் காதருகே வந்தான்.

"பார்த்தியா?"

"எதை?"

"கண்ணை."

"நான் எதுக்குடா கண்ணைப் பார்க்கிறேன்? மார்ல தைச்சிருக்கிற டிராகனுக்கு நகம் எத்தனைன்னு எண்ணிட்டிருந்தேன்."

"நடிக்காதே. வெள்ளை முழியில மஞ்சள் ஓடுது. நீ பார்த்தே. நீ பார்த்ததை நான் பார்த்தேன்."

"யூன், வாயை மூடிட்டு வா. பதினோரு ராஜ வைத்தியருங்க இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். சொல்றதுக்குத்தான் பயம். ராஜாவுக்கு நோவுன்னு சொன்னவன் தலை மறுநாள் தோள்ல இருக்குமா? எனக்கு என்னடா, சொல்ற வேலையா கொடுத்திருக்காங்க? வரையற வேலை. வரைஞ்சா யாராவது ஒருத்தன் பார்ப்பான். பார்த்தா வைத்தியம் பண்ணுவான்."

"உனக்கு வைத்தியம் பண்ணுவாங்க. தடியால."

அவன் சிரித்தான். அவனுக்குப் பற்களுக்கு நடுவே ஓர் இடைவெளி உண்டு. சிரித்தால் சின்னப் பையன் மாதிரி இருப்பான்.

பத்து நாள் கழித்துப் படத்தைச் சட்டத்தில் நிறுத்தினோம். மேற்பார்வைக்கு வந்தவர் பியோ மந்திரி. கிட்டே வந்தார், தள்ளிப் போனார், மறுபடி கிட்டே வந்தார். அவர் முகம் மாறிவிட்டது.

"கண்ணுல என்ன இது?"

"இருந்தது, ஐயா. அதான் போட்டேன்" என்றான் யூன்.

"மகாராஜாவுக்கு நோய்னு எழுதி வெச்சிருக்கியா? யார் கொடுத்த தைரியம்?"

"ஒரு மயிர் தப்பினாலும் வேறு ஆள்னு நீங்கதான் ஐயா சொல்லிக் கொடுத்தீங்க."

பியோ மந்திரி என் பக்கம் திரும்பினார். "உடை எழுதினவன் நீதானே? மூணு நாள் நீயும் எதிர்லதான் உட்கார்ந்திருந்தே. சொல்லு. மகாராஜா கண்ணு என்ன நிறம்?"

மஞ்சள் என்று சொல்லியிருந்தால் இரண்டு சாட்சி ஆகியிருக்கும். இரண்டு சாட்சியை அவ்வளவு லேசில் தள்ள முடியாது. வைத்தியர்களில் ஒருவராவது வாயைத் திறந்திருப்பார். இதெல்லாம் அந்தக் கணத்திலேயே எனக்குத் தெரிந்தது, பிறகு யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. பயம் முக்கால், ஆசை கால். யூன் விழுந்தால் முகம் எழுதும் இடம் எனக்கு.

"வெள்ளை, ஐயா" என்றேன்.

யூன் கோபப்படவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். வரைய உட்காருவதற்கு முன் ஓர் ஓவியன் எதிரில் இருப்பவன் முகத்தை நிதானமாகப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தான். பார்த்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

எண்பது தடியடி. பிறகு ஹுக்சான் தீவுக்கு நாடுகடத்தல். அவனைக் கட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போன அதே நாளில் என் கையில் தூரிகையைக் கொடுத்தார்கள். மஞ்சள் பின்பக்கம் இருந்தது, துடைக்க வழியில்லை. சிப்பிச் சுண்ணத்தை மாட்டுத்தோல் பசையில் குழைத்து இரண்டு கண்ணிலும் முன்பக்கம் பூசி மூடினேன். ஒரு கிண்ணம் பார்லித் தண்ணீர் குடிக்கிற நேரம்தான் ஆனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். மறைக்கலாம். சோறு போதுமான அளவு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காம் மாதம் அரசர் இறந்தார். உடலைக் கழுவியவர்கள் பழுத்த வெள்ளரி மாதிரி இருந்தது என்று அடிக்குரலில் சொன்னார்கள். ஆனால் யூனைத் திரும்பக் கூப்பிடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிட்டால் வைத்தியர்கள் பதில் சொல்ல வேண்டும், பியோ மந்திரி பதில் சொல்ல வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும். நாலாவது குளிர்காலத்தில் அவன் தீவிலேயே செத்துப்போனான் என்று கருவாட்டுக்காரன் ஒருவன் செய்தி கொண்டுவந்தான்.

எனக்குப் பரிசாக ஒரு குதிரை லாயத்தின் அதிகாரி பதவி கிடைத்தது. ஓவியனுக்குக் குதிரை லாயம்: எங்கள் நாட்டு மரியாதை அப்படித்தான் இருக்கும். பிறகு மந்திரிகளை எழுதினேன், சேனாபதிகளை எழுதினேன், இப்போதைய அரசர் பட்டத்துக்கு வந்தபின் அவரையே இரண்டு தடவை எழுதினேன். ஹான்யாங்கில் பணமும் பல்லும் உள்ள கிழவர்கள் எல்லாம் என்னிடம்தான் முகம் எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் வருடத்துக்கு இரண்டு தடவை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று, படமண்டபத்துக்குப் போய்ப் படங்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்துச் சொல்வதும் தலைமை ஓவியனாகிவிட்ட என் கடமை. பூச்சி அரித்திருக்கிறதா, ஈரம் கண்டிருக்கிறதா என்று மற்றவர்கள் ஓரங்களைப் பார்ப்பார்கள். நான் கண்ணைப் பார்ப்பேன். நான் பூசி மூடிய ஏழாவது வருடம் இடது கண்ணில் வெள்ளை கொஞ்சம் மெலிந்திருந்தது. என் பிரமை என்று நினைத்துக்கொண்டேன். எட்டாவது வருடம் பிரமை இல்லை என்று தெரிந்துவிட்டது. முன்னால் பூசிய பசை வருடத்துக்கு வருடம் செத்துக்கொண்டிருந்தது. பின்னால் இருந்த மஞ்சளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அவசரமே இல்லாமல், இழை இழையாக வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சூப்பில் இரண்டு கண். முகம் கழுவக் குனிந்தால் தண்ணீரில் இரண்டு கண். யாரை எழுதினாலும் கண்ணைக் கடைசிக்குத் தள்ளிப்போடுவேன், தூரிகை தானாக மஞ்சள் கிண்ணத்துக்குப் போகும். ஒருநாள் பெட்டியிலிருந்து மஞ்சளையே எடுத்து ஓடையில் கொட்டிவிட்டேன். "தோக்சு அண்ணன் வரைஞ்சா சாமந்திகூட வெள்ளையாத்தான் பூக்கும்" என்று கூடத்தில் கேலி பேசினார்கள்.

என் மனைவி பயந்துபோய் ஒரு மந்திரக்காரியை அழைத்துவந்தாள். பன்றித் தலை, அரிசிப் பலகாரம், மூன்று பானை கள் என்று வாங்கி வைத்தோம். அந்தப் பொம்பளை கத்தியின் மேல் ஏறி நின்று ஆடினாள், மணியைக் குலுக்கினாள், வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் மோந்து பார்த்தாள். கடைசியில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, இந்த வீட்ல பேயே இல்ல. உன் புருஷன் மட்டும்தான் இருக்கான்" என்றாள். பன்றித் தலையை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள்.

பேய் இருந்தால் ஓட்டிவிடலாம். இல்லாத பேயை எதைக் கொண்டு ஓட்டுவது?

பத்தொன்பதாவது வருடம் மழை நாற்பது நாள் விடவில்லை. சுவரெல்லாம் பூஞ்சை. ஒரு காலை படமண்டபக் காவல்காரன் ஊதுவத்தி ஏற்றத் திரையைத் தூக்கினவன், ஊதுவத்தியைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடி வந்து மண்ணில் விழுந்தான். பெரிய மகாராஜா கண் மஞ்சளாகிவிட்டது, கோபத்தில் இருக்கிறார் என்று கத்தினான். மத்தியானத்துக்குள் அரண்மனை முழுக்கப் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

மறுநாள் உத்தரவு வந்தது. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாக ஒன்று எழுத வேண்டும். எழுதுகிறவன் மா தோக்சு.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. புதுப்படம் வந்துவிட்டால் பழைய படத்தை எரித்துச் சாம்பலைப் பானையில் போட்டு மண்டபத்துக்குப் பின்னால் புதைப்பது எங்கள் வழக்கம். ஒரு முகத்துக்கு இரண்டு படம் இருக்கக் கூடாது. நான் வெள்ளைக் கண்ணோடு எழுதிவிட்டால் போதும். யூன் பூசிய மஞ்சள் சாம்பலாகிவிடும். உலகத்திலேயே வேறு சாட்சி கிடையாது. பியோ மந்திரி செத்து ஆறு வருடம் ஆகிறது. நான் தூங்கலாம்.

வேலை தொடங்கும் முன் அரசர் என்னைப் படமண்டபத்துக்கு வரச் சொன்னார். அவருக்கு வயது இருபத்தேழு. தந்தை இறந்தபோது எட்டு. கதவருகே இரண்டு எழுத்தர்கள் மடியில் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். அரசர் தும்மினால்கூட எழுதி வைப்பது அவர்கள் வேலை. படத்தின் திரை தூக்கியிருந்தது. நான் தரையில் நெற்றியை வைத்தேன், நிமிரவில்லை.

"புதுப் படத்துல கண்ணுக்கு என்ன நிறம் போடப்போறே?" என்றார் அரசர்.

"வழக்கப்படிதான், மகாராஜா."

"வழக்கத்தைக் கேக்கல. நிறத்தைக் கேக்கறேன்."

"ஈரத்துல பட்டு பழுத்துப்போச்சு, மகாராஜா. அதனால அப்படித் தெரியுது. அடியேன்..."

"பட்டு பழுத்தா முகமெல்லாம் பழுக்கணும். கண்ணு மட்டுமா பழுக்கும்?"

எழுத்தர்களின் தூரிகைகள் தாளில் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சின்ன வயசுல அவர் மடியில உட்கார்ந்து சீமைப் பனிச்சம்பழம் தின்னிட்டிருந்தேன்" என்றார் அரசர். குரல் மாறியிருந்தது. "நிமிர்ந்து பார்த்தேன். அப்பா, உங்க கண்ணு மஞ்சளா இருக்குன்னேன். தாதி என் வாயைப் பொத்தினா. அழுதேன். அவர் போனதுக்கு அப்புறமும் அதையே சொல்லிச் சொல்லி அழுதேன். பியோ மந்திரி என்னைத் தூக்கிட்டு இங்கதான் வந்தார். இந்தப் படத்தைக் காட்டினார். 'பாருங்க இளவரசே, வெள்ளை. ஓவியன் பொய் எழுதுவானா? நீங்க கண்டது கனவு'ன்னார். அன்னிலேருந்து நான் பார்த்ததை நானே நம்பினதில்ல. இது மட்டுமில்ல. எதையுமே."

நான் யூனைக் கெடுத்தேன் என்று தெரியும். அவர் தந்தையின் சாவில் எனக்குப் பங்கு உண்டு என்றும் தெரியும். அதையெல்லாம் கையிலே எண்ணிப் பார்த்து எண்ணிப் பார்த்துப் பழகிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளை ஒன்று என் வெள்ளைக்கு முன்னால் நின்று தன் கண்ணையே சந்தேகப்பட்டது எனக்குத் தெரியாது. தெரிந்த பாவத்தைச் சுமக்கலாம். இது புதியது. என் முதுகு தாங்கவில்லை.

"மஞ்சள்தான், மகாராஜா" என்றேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். "சோக் யூன் பார்த்ததைப் பார்த்தபடி எழுதினான். அடியேனும் பார்த்தேன். வெள்ளைன்னு பொய் சாட்சி சொன்னேன். மேல வெள்ளையைப் பூசினதும் இந்தக் கைதான்."

எழுத்தர்களில் ஒருவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். அரசர் அவரைப் பார்த்து, "எழுது" என்றார்.

பிறகு படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மூத்திரம் போய்விடும்போல இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனதில் யூனும் இல்லை, யாரும் இல்லை, என் கழுத்து மட்டும்தான் இருந்தது.

"என்னை ரெண்டு தடவை எழுதினே" என்றார் கடைசியில். "ரெண்டு தடவையும் என் கண்ணை நேராப் பார்க்கல. பயந்தவன்னு நினைச்சேன். இப்ப புரியுது. உன்னைக் கொன்னா இந்த முகத்தை எழுத ஆள் இல்ல. எழுது. இருந்தது இருந்தபடி எழுது. பதிவேட்டுல முகம் சோக் யூன்னு இருக்கும். உடை மா தோக்சுன்னு இருக்கும். உனக்குச் சேர வேண்டியது உடைதான்."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது என்று என் மனைவி அழுது கும்பிட்டாள். அப்படி லேசாகப் போகவில்லை.

நாற்பது நாள் அந்த முகத்தை எழுதினேன். என் வாழ்நாளில் அதைவிட நன்றாக ஒன்றை எழுதியதில்லை. யூன் இழுத்த ஒவ்வொரு கோட்டின் மேலும் என் தூரிகை நடந்து போனது, அவன் எங்கே மூச்சை நிறுத்தினான், எங்கே விட்டான் என்றுகூடத் தெரிந்தது. முடிந்ததும் பழைய படத்தை முற்றத்துக்குக் கொண்டுபோனோம். நெருப்பு வைப்பவன் தலைமை ஓவியன். அது வழக்கம், அரசர்கூட மாற்ற முடியாது. பட்டு சுருண்டு, பின்பக்கம் ஒரு கணம் மேலே திரும்பியது. இரண்டு மஞ்சள் வட்டங்கள், நேற்றுப் பூசியதுபோல. யூன் கையால் எழுதியது இந்த உலகத்தில் வேறு எதுவும் மிச்சமில்லை. அதையும் நானே கொளுத்தினேன்.

யூனின் மனைவி கால்வாய்க்கு அந்தப் பக்கம் சோயாக் கட்டி விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடமாக அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் நான் வீட்டுக்குப் போவேன். அன்று நேராகப் போனேன். அவள் சோயாப்பாலைத் திரித்துக் கட்டிய துணிமூட்டையின் மேல் கல்லை ஏற்றித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதிவேட்டைச் சொன்னேன், யூனின் தண்டனையை அரசர் நீக்கியதைச் சொன்னேன், எரித்ததையும் சொன்னேன்.

அவள் கல்லைச் சரியாக நகர்த்தி வைத்தாள். "பத்தொன்பது வருஷமா ஆச்சு? இருபதாகும்னார் அவர்" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"கட்டை வண்டியில ஏத்தறப்போ சொன்னார். முதுகெல்லாம் கிழிஞ்சிருக்கு, இந்த மனுஷன் சிரிக்கிறார். 'முன்னாடி பூசியிருந்தா தோக்சுவைத் துடைக்கச் சொல்வாங்க, அவனும் துடைச்சிடுவான். அதான் பின்னாடி பூசினேன். மூடத்தானே முடியும், ஒரு இருபது வருஷம் பொறுத்துக்கோ'ன்னார்."

அப்படியானால் பியோ மந்திரி என்னைக் கேட்பதற்கு முன்பே, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, தூரிகையை மஞ்சளில் தொட்டபோதே அவன் என்னை எழுதி முடித்துவிட்டான். அன்று திரும்பிப் பார்த்தது, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான்.

"தெரிஞ்சிருந்தும் ஏன் என்னைக் கூட வெச்சுக்கிட்டான்?" என்றேன்.

"டிராகன் உங்களை மாதிரி யாரும் எழுத மாட்டாங்கன்னு சொல்வார்." அவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். "புதுப் படத்துல மஞ்சளை எந்தப் பக்கம் பூசினீங்க?"

"பின்பக்கம்."

"யார் துடைச்சிடுவாங்கன்னு பயந்தீங்க? இப்ப ராஜாவே மஞ்சள்னு சொல்லிட்டாரே."

நான் என் வலது கையைப் பார்த்தேன். பின்பக்கம் பூசிய அன்று என் மனதில் வேறு யாரும் இல்லை, என் கைதான் இருந்தது. நாளைக்கு வேறொரு மந்திரி வருவார், வேறொரு கேள்வி கேட்பார், இதே கை ஈரத்துணியைத் தேடும்.

அவள் புரிந்துகொண்டாள் என்று நினைக்கிறேன். "சரி. நீங்களும் அவரை மாதிரி உங்களைத் தெரிஞ்சுக்கிட்டீங்க" என்று சொல்லிவிட்டு, கல்லைத் தூக்கி மூட்டையைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

இலையுதிர்காலப் பார்வைக்கு நாளை மறுநாள் படமண்டபம் போக வேண்டும். மனைவி மேலங்கியைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறாள்.